வடசென்னைப் பிள்ளைகளின் பற்களுக்காக மாநகராட்சி, அங்கன்வாடி அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் வடக்கு வட்டாரத்தில் கல்விக்கும் பொது சுகாதாரத்துக்கும் பொறுப்பான அலுவலர்களுக்கும், அங்கன்வாடி மையங்களை நடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர்களுக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டைப் பகுதியில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பலர் என் வகுப்பில் அமர்ந்து படித்திருக்கிறார்கள். அவர்களில் சிலருடைய பிள்ளைகளும் பின்னர் அதே வகுப்புக்கு வந்தார்கள். அவர்களுடைய பற்களை முன்னிட்டே இதை எழுதுகிறேன். பல் துலக்கும் பழக்கத்தைப் பிள்ளையிடம் மட்டும் சொல்லி முடித்துவிடாமல், இரவில் அந்தப் பிள்ளை யாருக்கு அருகில் படுத்து உறங்குகிறதோ அந்தப் பெரியவரிடம் கொண்டுசேர்க்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்கு வேண்டிய இடமும் ஆளும் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றன.

முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய எந்த ஆசிரியருக்கும் ஒரு காட்சி புதிதாக இராது. பிள்ளை வாய் திறந்து சிரிக்கும்போது மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்துக் கரைந்து, ஈறோடு ஒட்டிய கட்டைகளாக நிற்கும். கீழ்வரிசை முன்பற்களோ பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். இனிப்புக் கலந்த பாலுள்ள புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தை உறங்கிப்போகும்போது, அந்தப் பால் மேல்முன்பற்களைச் சுற்றித் தேங்கி நிற்கிறது. கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதாலும், நாக்கின் அடியில் ஊறும் உமிழ்நீர் அவற்றைக் கழுவிக்கொண்டிருப்பதாலும் அவை தப்பிக்கின்றன. உறக்கத்தில் உமிழ்நீர் ஊறுவது மிகவும் குறைந்துவிடும் என்பதால், பகலில் குடித்த பாலைவிட இரவில் வாயில் தேங்கும் பால் அதிகக் கேடு செய்கிறது. ஆகவே அந்த நான்கு கறுத்த பற்களைப் பார்த்தவுடன் பிள்ளையின் சோம்பலைப் பற்றியோ தாயின் அலட்சியத்தைப் பற்றியோ பேசத் தொடங்குவது நியாயமில்லை. அந்த வீட்டில் இரவு எப்படிக் கழிகிறது, பிள்ளையை உறங்க வைப்பவர் யார், அவருக்கு இதை யாராவது சொன்னார்களா என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

"விழுந்து முளைக்கிற பல்தானே" என்பதை நான் கேட்காத ஆண்டில்லை. சொல்பவர்கள் பிள்ளைமீது அன்பில்லாதவர்கள் அல்லர். அவர்களுக்குச் சொல்லப்படாத செய்தி ஒன்று இருக்கிறது. பால்பற்கள் மொத்தம் 20. ஆறாம் மாதத்தை ஒட்டி முளைக்கத் தொடங்கி, மூன்று வயதுக்குள் எல்லாம் வந்துவிடும். முன்பற்கள் 6, 7 வயதில் விழுந்தாலும், கடைவாயில் உள்ள பால்பற்கள் 10, 12 வயது வரை சோறு மெல்ல வேண்டியவை. அவற்றில் ஒன்று சொத்தையாகிச் சீழ் பிடித்தால், அதன் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லும் பாதிக்கப்படலாம். காலத்துக்கு முன்பே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் காலி இடத்தில் சாய்ந்து, பின்னால் வரும் பல் நேராக முளைக்க வழியில்லாமல் போகும். இவையெல்லாம் பின்னாளில் வரும் தொல்லைகள். அன்றாடத் தொல்லையோ பிள்ளையின் தட்டிலேயே தெரியும். ஒரு பக்கமாகவே மெல்லும், கெட்டியான எதையும் ஒதுக்கும், இரவில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழும், மறுநாள் வகுப்பில் மேசைமீது தலை சாய்த்து உறங்கும். கிராம்புத் தைலம் தொட்டு வைத்தும், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கிக் கொடுத்தும் நாள்களைக் கடத்துகிறார்கள்.

இதோடு இன்னொரு பல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறு வயதை ஒட்டி, எந்தப் பல்லும் விழாமலேயே, பால்பற்களின் வரிசைக்குப் பின்னால் முதல் நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. எதுவும் விழாததால் வீட்டில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தாலும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் மென்று தர வேண்டிய அந்தப் பல் மூன்றாம் வகுப்புக்குள் குழி விழுந்து கிடப்பதைப் பல பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நெஞ்சு கனத்திருக்கிறது. உலகில் ஏறத்தாழ 51 கோடிக் குழந்தைகளுக்குப் பால்பல் சொத்தை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட வாய்நல அறிக்கை கூறுகிறது. எனவே இது நம் தெருக்களுக்கு மட்டும் உரிய குறை அன்று; ஆனால் நம் தெருக்களின் வாழ்க்கைமுறைக்கு ஏற்றபடிதான் இதைத் தீர்க்க முடியும்.

சொத்தை எப்படி வருகிறது என்று பெற்றோருக்கு விளக்கும்போது "இனிப்புத் தராதீர்கள்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அந்த அறிவுரை நிறைவேறாததற்குக் காரணம், அது முழுமையானதாக இல்லை என்பதே. வாயில் உள்ள நுண்ணுயிர்கள் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன; அமிலநிலையைக் காட்டும் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கும்போது பல்லின் எனாமலிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரையத் தொடங்குகிறது. உமிழ்நீர் அந்த அமிலத்தைத் தணித்து, கரைந்ததை மீண்டும் பல்லில் படியவைக்க அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை முறை என்பது முக்கியமாகிறது. நம் பிள்ளையின் ஒரு நாளைப் பாருங்கள்: விடிந்ததும் டீயில் நனைத்த பொறை, பள்ளிக்குப் போகும் வழியில் தேன் மிட்டாய், இடைவேளையில் ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட், மாலையில் பன், இரவில் செல்பேசி பார்த்துக்கொண்டே சிப்ஸ். பல் தேறிக்கொள்ளும் முன்பே அடுத்த அமிலம் வந்துவிடுகிறது. இதே தின்பண்டத்தைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்து, இடையில் தண்ணீர் மட்டும் தரச் சொன்னால், பிள்ளையை அழவிடாமலேயே பாதிச் சேதத்தைத் தவிர்க்க ஒரு வீட்டால் முடியும். தடை விதிக்கும் அறிவுரையைவிட நேரத்தை மாற்றச் சொல்லும் அறிவுரைக்கு ஏழை வீட்டில் இடம் உண்டு என்பது என் அனுபவம்.

இனி வீட்டுக்கு வருகிறேன். பல் துலக்குவதைக் காலைக் கடனாகவே பாடநூல்களும் சுவரொட்டிகளும் காட்டுகின்றன. வடசென்னையின் காலையை அறிந்தவர்கள் அதன் பொருத்தமின்மையையும் அறிவார்கள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் விடியும் முன்பே ஏலம் நடக்கும். அப்பா கடலில் இருப்பார், அம்மா கூடையோடு துறைமுகத்தில் இருப்பார். துறைமுகத்தில் சுமை இறக்கச் செல்பவரும், கன்டெய்னர் லாரி ஓட்டுபவரும், எண்ணூர், மணலிப் பக்கத்து ஆலைகளுக்கு ஷிப்டுக்குப் போகிறவரும் பிள்ளை எழுவதற்கு முன்பே வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பார்கள். பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது ஆயாவோ (பாட்டியோ), ஐந்தாம் வகுப்புப் படிக்கும் அக்காவோதான். குழாயடியில் வரிசை, தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பு, பொதுக் கழிப்பறையில் நெரிசல் என்று கழியும் அந்த நேரத்தில், பேஸ்டை விரலில் தடவித் தேய்த்து வாய் கொப்பளிப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது.

அந்தக் குடும்பம் ஒன்றாக இருப்பது இரவில்தான். பல் மருத்துவர்கள் தவறாமல் வலியுறுத்துவதும் இரவுத் துலக்கலைத்தான். ஆனால் "படுக்கப் போகும் முன் துலக்குங்கள்" என்று சொன்னால் அது நடக்காது. எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை முடித்து அம்மா வீடு சேரும்போது பிள்ளை உறங்கியிருக்கும்; உறங்கிய பிள்ளையை எழுப்பிப் பல் துலக்க எந்தத் தாய்க்கு மனம் வரும்? அதனால் நான் பெற்றோரிடம் வேறு விதமாகச் சொல்லிவந்தேன். இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவும் நேரமே பிள்ளையின் பல்லைத் துலக்கும் நேரம். தட்டு கழுவாமல் எந்த வீடும் உறங்குவதில்லை. துலக்கிய பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாய்க்குள் போகக்கூடாது. புட்டியில் பால் குடித்துப் பழகிய குழந்தைக்குப் பாலைச் சாப்பாட்டோடு முடித்துவிட்டு, படுக்கையில் வெறும் தண்ணீர் கொடுத்துச் சில இரவுகளைத் தாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். அந்த இரவுகளில் அழுகை இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

துலக்க வேண்டியவர் பெரியவர் என்பதை நம் சுவரொட்டிகள் எங்கும் சொல்வதில்லை. பிரஷைக் கையில் கொடுத்துவிட்டால் நான்கு வயதுப் பிள்ளை அதைக் கடிக்கும், பேஸ்டை உறிஞ்சும். கடைவாய்ப் பல்லின் பின்புறத்தை எட்டும் அளவுக்கு அதன் மணிக்கட்டுக்குப் பழக்கம் வந்திருக்காது. 7, 8 வயது வரை பெரியவரே துலக்கிவிட வேண்டும், அல்லது பிள்ளை துலக்கியபின் ஒருமுறை தாமே தேய்த்துவிட வேண்டும். இதற்குக் கண்ணாடியோ தொட்டியோ தேவையில்லை. பெரியவர் தரையில் அமர்ந்து, பேன் பார்ப்பதற்குக் கிடத்துவதுபோல் பிள்ளையின் தலையை மடியில் வைத்துக்கொண்டால், வாய்க்குள் எல்லாப் பல்லும் தெரியும். மேலுதட்டைத் தூக்கி, ஈறு ஓரத்தில் சுண்ணாம்புக் கோடுபோல் வெண்மை தெரிகிறதா என்றும் பார்த்துவிடலாம். அந்த வெண்கோடுதான் சொத்தையின் தொடக்கம். அந்த நிலையில் கண்டுகொண்டால் குழி விழாமலேயே மீட்க முடியும். ஆயாக்களிடம் இந்த முறையைக் காட்டியபோதெல்லாம் அவர்கள் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. மடியில் கிடத்திப் பிள்ளை வளர்த்த கைகளுக்கு அது அந்நியமான வேலையாகத் தோன்றவில்லை.

பேஸ்ட் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பதிலும் நாம் தவறான பாடமே நடத்திவருகிறோம். விளம்பரத்தில் பிரஷின் நீளம் முழுவதும் பேஸ்டைப் பிழிகிறார்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி அளவு போதும். மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு போதும். அந்தப் பேஸ்டில் ஃபுளோரைடு இருக்க வேண்டும், 1000 பிபிஎம் அளவில், அதாவது பத்து லட்சம் பங்கில் 1000 பங்காக இருக்க வேண்டும். நம் நாட்டு அழகுப்பொருள் விதிகளின்படி ஃபுளோரைடு பற்பசையில் 1000 பிபிஎம்முக்கு மேல் சேர்க்கக்கூடாது. எவ்வளவு இருக்கிறது என்பதைக் குழாயின்மீதும் அட்டைப்பெட்டியின்மீதும் அச்சிட வேண்டும். ஆகவே குழாயைத் திருப்பிப் பார்த்து அந்த எண்ணைப் படிக்கப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்தால் போதும். பழச்சுவையும் பொம்மைப் படமும் போட்டு அதிக விலைக்கு விற்கும் சிறுவர் பேஸ்டுகள் பலவற்றில் அந்த எண் மிகவும் குறைவாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது. வீட்டில் பெரியவர்கள் பயன்படுத்தும் சாதாரண ஃபுளோரைடு பேஸ்டையே அளவு குறைத்துக் கொடுப்பது பிள்ளைக்கும் நல்லது, வீட்டுச் செலவுக்கும் நல்லது. கரியும் செங்கல் தூளும் உப்பும் கலந்து தேய்ப்பதையும் கரகரப்பான பல்பொடியையும் விட்டுவிடச் சொல்ல வேண்டும். அவை எனாமலை அராவுகின்றன.

ஃபுளோரைடு என்றதும் சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து பற்களில் கறை படிவதைப் பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக இங்கே வந்து குடியேறியவர்களும் உண்டு. அச்சத்தை ஏளனம் செய்யாமல் விளக்க வேண்டும். அங்கே பாதிப்பு, அளவுக்கு மிஞ்சிய ஃபுளோரைடை ஆண்டுக்கணக்கில் குடிநீரோடு விழுங்குவதால் வருகிறது. இங்கே நாம் பேசுவது பல்லின்மீது பட்டுத் துப்பப்படும் ஓர் அரிசி அளவு பேஸ்டைப் பற்றி. அளவு குறைவாக இருக்க வேண்டும், பேஸ்ட் குழாய் பிள்ளையின் கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும் என்று நாம் சொல்வதும் அந்த எச்சரிக்கையை மதித்துத்தான்.

துலக்கியபின் வாய் நிறையத் தண்ணீர் எடுத்துப் பலமுறை கொப்பளிப்பது நம் வழக்கம். நுரையைத் துப்பிவிட்டு அப்படியே விட்டால்தான் ஃபுளோரைடு பல்லில் தங்கி வேலை செய்யும். குடம் குடமாகத் தண்ணீர் சேர்த்து வைக்கும் பகுதியில் இது எவ்வளவு பெரிய வசதி என்று எண்ணிப் பாருங்கள்! இரவில் குழாயடிக்குப் போக வேண்டியதில்லை. பிரஷை நனைக்கவும் பின்னர் கழுவவும் ஒரு டம்ளர் தண்ணீர் போதும். "தண்ணிக்கே வழியில்லை, ராத்திரியிலும் பல் தேய்க்கச் சொல்றீங்களே டீச்சர்" என்று கேட்ட தாய்மார்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். அதற்குப் பிறகு அவர்களில் யாரும் தண்ணீரைக் காரணம் காட்டவில்லை.

இப்போது உங்கள் திட்டங்களைப் பற்றி. சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பள்ளியில் நடந்த பல் பரிசோதனை முகாமில் நானும் உடனிருந்தேன். வந்திருந்த மருத்துவர்கள் பொறுமையாகப் பார்த்தார்கள். அவர்கள்மீது எனக்குக் குறையில்லை. ஆனால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதிய ஒரு சீட்டைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். அந்தச் சீட்டுகளில் பெரும்பாலானவை வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. சேர்ந்த வீடுகளிலும் அதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. கொடுத்த பிரஷ் சிறுவாய்க்குப் பெரிதாக இருந்தது. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்து ஒருவர் மட்டும் அந்தப் பள்ளியில் படித்தால், அந்த ஒரு பிரஷ் மூவருக்கும் போனது. ஒரு பெற்றோர்கூட அழைக்கப்படவில்லை. சொத்தை இருந்த பிள்ளைகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டு யாரும் வரவில்லை.

திட்டம் இல்லாமல் இல்லை. ஆர்.பி.எஸ்.கே. என்று சுகாதாரத் துறையில் சொல்லப்படும் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் 2013 முதல் நடந்துவருகிறது; அதன் குழுவினர் அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இருமுறையும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும் வர வேண்டும் என்பது ஏற்பாடு; அவர்கள் பார்க்க வேண்டியவற்றில் பல் சொத்தையும் அடக்கம். அந்த நாளைப் பெற்றோருக்கு முன்கூட்டியே அறிவித்து, பிள்ளையை இரவில் உறங்க வைக்கும் பெரியவர் ஒருவரையாவது வரச்செய்து, அவர் கண்ணெதிரே உதட்டைத் தூக்கிக் காட்டி, தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுங்கள். ஆயா வந்தால் ஆயாவுக்கு, அப்பா வந்தால் அப்பாவுக்கு. தாய் மட்டுமே வர வேண்டும், தாய் மட்டுமே குற்றவாளி என்ற தொனி நம் கூட்டங்களிலிருந்து போக வேண்டும்.

ஆனால் அங்கன்வாடிக்கு வரும் வயதில் தொடங்குவதும் பல பிள்ளைகளுக்குக் காலதாமதமே. தடுப்பூசி அட்டவணையைப் பாருங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்குக் குழந்தையைத் தூக்கி வருகிறார்கள். முதல் பற்கள் எட்டிப் பார்த்திருக்கும் காலம் அது. 16 மாதம் முதல் 24 மாதத்துக்குள் இரண்டாம் தவணைக்கும் முத்தடுப்பு ஊக்கத் தவணைக்கும் வருகிறார்கள். கடைவாய்ப் பால்பற்கள் வந்துகொண்டிருக்கும் காலம், புட்டிப் பழக்கத்தை நிறுத்த வேண்டிய காலம். ஐந்து, ஆறு வயதில் அடுத்த ஊக்கத் தவணைக்கு வருகிறார்கள். யாரும் கவனிக்காமல் அந்த நிலைக் கடைவாய்ப்பல் முளைக்கும் காலம். தவறாமல் நடக்கும் இந்த மூன்று வருகைகளிலும் நகர சுகாதாரச் செவிலியர் ஒரு நிமிடம் உதட்டைத் தூக்கிப் பார்த்து, அந்த வயதுக்குரிய ஒரே ஒரு செய்தியைச் சொல்லி, தடுப்பூசி அட்டையிலேயே குறித்துவிட்டால், புதிய கட்டடமோ புதிய பணியிடமோ இல்லாமல் வடசென்னையின் ஏறத்தாழ எல்லா வீடுகளையும் எட்டிவிடலாம். இந்த மடலில் ஒரே ஒரு வேண்டுகோளைத்தான் ஏற்க முடியும் என்று நீங்கள் சொன்னால், நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

வீட்டில் கற்ற பழக்கம் நிலைக்கப் பள்ளியும் கைகொடுக்க வேண்டும். இந்த மாநகராட்சிக்கு அத்தகைய வழி புதிதன்று. பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரியும் மெட்ரோ நிலையமும் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கின்றனவோ அந்தப் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்த 1920-இல்தான் ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் பள்ளிக்கு வந்துவிட்டது. பிள்ளைகள் ஒன்றாக அமர்ந்து உண்ணும் அந்த வேளைக்குப் பின் இரண்டு நிமிடம் ஒன்றாகப் பல் துலக்கட்டும். பிலிப்பைன்ஸ் நாட்டு அரசுப் பள்ளிகளில் கை கழுவுவதையும் ஃபுளோரைடு பேஸ்டால் துலக்குவதையும் அன்றாடக் கூட்டுப் பழக்கமாக்கியிருக்கிறார்கள்; ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரையும் அதோடு சேர்த்தே தருகிறார்கள். அதுவும் செல்வம் கொழிக்கும் நாடு அல்ல. செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். பட்டாணி அளவு பேஸ்ட் என்பது ஏறத்தாழக் கால் கிராம். 100 கிராம் குழாய் 400 முறைக்கு வரும். 20 பிள்ளைகள் உள்ள அங்கன்வாடிக்கு ஒரு குழாய் 20 நாளைக்குப் போதும். அரிசி அளவே போதுமான சின்னவர்கள் இருந்தால் இன்னும் நீளும். சிறுவாய்க்கு ஏற்ற பிரஷை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றித் தர வேண்டும். பெயர் எழுதி, ஒன்றோடொன்று உரசாமல் காய வைக்க ஒரு தாங்கி வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களின் சுமை எனக்குத் தெரியும். பதிவேடு ஒன்றைக் கூடுதலாகக் கொடுத்து இந்த வேலையை அவர்களுக்குக் கசப்பாக்கிவிட வேண்டாம்.

காசிமேட்டுக்கும் திருவொற்றியூர்க் கடலோரக் குப்பங்களுக்கும் தனியாக ஒரு யோசனை சொல்கிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கோடை விடுமுறையும் அந்த நாள்களில்தான். அப்பாவும் பிள்ளையும் ஒரே நேரத்தில் வீட்டில் இருக்கும் காலம் ஆண்டில் அது ஒன்றே. வலை பின்னிக்கொண்டும் படகைப் பழுதுபார்த்துக்கொண்டும் அப்பாக்கள் கரையில் இருக்கும் அந்த நாள்களில், மாலை வேளையில், குப்பத்துக்கே செவிலியரை அனுப்பி இந்தப் பாடத்தை நடத்துங்கள். வருமானம் குறைந்த காலம் என்பதால் வீட்டுக்கு ஒரு பேஸ்டும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிரஷும் அப்போது தருவது பேருதவியாக இருக்கும். இரவில் அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து துலக்கத் தொடங்கினால், ஜூனில் பள்ளி திறக்கும்போது பழக்கம் ஊன்றியிருக்கும். பெரியவர்களும் துலக்குவது பிள்ளை பார்த்துக் கற்பதற்காக மட்டும் அன்று. பெரியவரின் வாயிலிருக்கும் சொத்தைக் கிருமி, அவர் வாய் வைத்த கரண்டி வழியாகக் குழந்தைக்குத் தொற்றக்கூடும்.

வந்துவிட்ட சொத்தைக்கு என்ன செய்வது என்பதிலும் வீடுகளின் நிலைமையை எண்ணிப் பார்க்க வேண்டும். கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகில் 1953 முதல் இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் பல் பிரிவு உண்டு. ஆனால் காலையில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரத்தில் சில மாலைகளாவது குழந்தைகளுக்கென்றே பல் மருத்துவர் இருந்தால் நிலைமை மாறும். சொத்தையை அங்கேயே நிறுத்திவைக்கும் சில்வர் டயமின் ஃபுளோரைடு என்னும் மருந்தை உலக சுகாதார நிறுவனம் 2021-இல் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஊசியும் குடைதலும் இல்லாமல் தூரிகையால் தடவும் மருந்து அது. சொத்தையான இடம் கறுப்பாகிவிடும் என்பதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். வலி இல்லாமல் தொடங்கும் முதல் சந்திப்பு, மேல்பல்லைப் பிடுங்கினால் கண் பாதிக்கும் என்று நம்பும் வீட்டையும், "டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று மிரட்டி வளர்த்த பிள்ளையையும் மருத்துவமனைப் பக்கம் திருப்பும்.

சிறிய செய்தி ஒன்று. பிறந்தநாளுக்குச் சாக்லேட் வழங்குவதும், போட்டியில் வென்றால் மிட்டாய் தருவதும், அழும் பிள்ளையை மிட்டாய் கொடுத்து அமர்த்துவதும் நம் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் வழக்கமாகிவிட்டது. அவற்றுக்குப் பதிலாகப் பென்சிலோ கடலையோ வாழைப்பழமோ தரலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பெற்றோருக்கு நாம் சொல்வதை நாமே கடைப்பிடிப்பதாகவும் அது அமையும்.

மீன்பிடித் தடைக்காலத்தில் இதைத் தொடங்க வேண்டுமானால் பிரஷும் பேஸ்டும் வாங்கும் பணியும் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சியும் மார்ச் மாதத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, இராயபுரம் ஆகிய மூன்று மண்டலங்களில் முதலில் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தடுப்பூசி நாளில் பல் பார்ப்பதற்கான அறிவுறுத்தலுக்குப் பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை என்பதால் அதை இந்த மாதமே அனுப்பலாம். பயிற்சி நடக்கும் இடங்களுக்கு வந்து, பிள்ளையை மடியில் கிடத்தித் துலக்கும் முறையைச் செய்துகாட்ட நானும் என்னோடு பணியாற்றி ஓய்வு பெற்ற ஆசிரியைகள் சிலரும் அணியமாக இருக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாக எங்களுக்குச் சொல்லி அனுப்பினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை.